வளைந்த முதுகு தலையெழுத்தா?

"வயதாகிவிட்டது, முதுகு வளைந்துவிட்டது. வழுக்கி விழுந்தாள், இடுப்பு முறிந்துவிட்டது. யார் என்ன செய்ய முடியும்? அவள் தலையெழுத்து!"

தோழர்களே! இந்தப் பேச்சுக் கேட்காத தெரு தமிழகத்தில் உண்டா? படித்தவர் வீட்டிலும் கேட்கிறது; பாமரர் வீட்டிலும் கேட்கிறது. கோயிலுக்குப் போகிறவரும் சொல்கிறார், போகாதவரும் சொல்கிறார். நாள் பார்ப்பதை விட்டொழித்த நம் தோழர்களிலேயே சிலர், பெற்ற தாயின் முதுகு வளையும்போது மட்டும், "வயதானால் அப்படித்தான்" என்று கூறிவிட்டு நகர்ந்து விடுகிறார்கள். தலையெழுத்து என்று சொல்ல நாக் கூசியவர்கள் வயது என்கிறார்கள். சொல் மாறியது, சிந்திக்க மறுக்கும் சோம்பல் மாறவில்லை!

ஔவை என்றால் நம் ஓவியர்க்குக் கூன் முதுகும் கைத்தடியும் நினைவுக்கு வரும். அறிவு முதிர்ந்த பெண்ணுக்கு அந்த வளைவையே அணிகலனாகப் பூட்டிவிட்டோம். இன்னொரு புறம், கூனி என்று ஒருத்தியைப் படைத்து, முதுகு வளைந்தவள் உள்ளமும் வளைந்தவள் என்று கதை கட்டி, தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தோம். போற்றுவதற்கும் தூற்றுவதற்கும் அந்தக் கூன் பயன்பட்டது. ஆனால், "அந்த முதுகு ஏன் வளைந்தது?" என்ற ஒரு கேள்வியை மட்டும் நாம் கேட்கவே இல்லை.

கேட்காததன் விலை என்ன? என் பெரியம்மாவின் கதையைச் சொல்கிறேன். 52 வயதில் முற்றத்தில் கால் இடறிக் கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்தது. மருத்துவர் மாவுக்கட்டுப் போட்டார். ஆறு வாரத்தில் அவிழ்த்தார். "இனிமேல் பார்த்து நடங்கள் அம்மா" என்றார். நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு ஏன் ஒடிந்தது என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து முதுகுவலி வந்தது. இரத்தத்தைச் சோதித்தார்கள். "சுண்ணாம்புச் சத்துச் சரியாக இருக்கிறது, கவலை வேண்டாம்" என்றார்கள். வீடே மகிழ்ந்தது. 59ஆம் வயதில் இரவில் எழுந்தவர் கதவடியில் விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. படுத்தார்; பதினோரு மாதம் படுத்தே கிடந்தார்; பிறகு எழவே இல்லை.

மணிக்கட்டு முறிந்தது ஓர் எச்சரிக்கை. முதுகு வலித்தது இரண்டாம் எச்சரிக்கை. அவற்றைப் படிக்கத் தெரியாத எங்கள் அறியாமைக்குத் தலையெழுத்து என்று பெயர் சூட்டினார்கள் உறவினர்கள். அந்தப் பெயரை நான் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

எலும்பு என்பது செத்த கல் அன்று. அது உயிருள்ள உறுப்பு. கொலாஜன் என்னும் புரத நார்களால் ஆன பின்னலில் கால்சியமும் பாஸ்பரசும் சேர்ந்த உப்புப் படிகங்கள் படிந்து உருவான கட்டடம் அது. உடலில் உள்ள கால்சியத்தில் 100க்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது; பாஸ்பரசில் ஏறத்தாழ 85 பங்கு அங்கே இருக்கிறது; மக்னீசியத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் நாள்தோறும் இரு கூட்டத்தார் வேலை செய்கிறார்கள். ஒரு வகை உயிரணுக்கள் பழைய எலும்பை அரித்து அகற்றும். மற்றொரு வகை புதிய எலும்பைக் கட்டும். இளமையில் கட்டுவோர் கை ஓங்கி இருக்கும். முப்பது வயதை ஒட்டி எலும்பு தன் முழு வலிமையை எட்டும். அதன்பின் வரவும் செலவும் ஏறத்தாழச் சரியாக நடக்கும்.

பெண்ணின் உடலில் அரிக்கும் கூட்டத்தை அடக்கி வைக்கும் காவலன் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு. மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் சினைப்பை அந்தச் சுரப்பைச் சுருக்கிக் கொள்கிறது. காவல் தளர்ந்தது, அரிப்போர் கை ஓங்கியது! அதனால்தான் மாதவிலக்கு நின்ற முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் சில பெண்கள் தம் எலும்பு அடர்த்தியில் 100க்கு 20 பங்கு வரை இழந்து விடுகிறார்கள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. திருடன் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஒருநாள் சுவர் சாயும்போதுதான் தெரியும். இதற்கே எலும்புப்புரை என்று பெயர்.

இதை விதி என்று விட்டுவிடாமல் ஆராய்ந்தவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவர் புல்லர் ஆல்பிரைட். காரணம் தெரியாமல் எலும்பு நலிந்த, 65 வயதுக்குட்பட்ட 42 பேரை அவர் கூர்ந்து நோக்கினார். அவர்களில் 40 பேர் மாதவிலக்கு நின்ற பெண்கள்! அதைத் தற்செயல் என்று அவர் தள்ளவில்லை. மாதவிலக்கு நிற்பதற்கும் எலும்பு நலிவதற்கும் உள்ள தொடர்பை 1941இல் உலகுக்கு எடுத்துரைத்தார். எண்ணிப் பார்த்தார், கண்டு கொண்டார். ஆய்வின் வழி அது. எண்ணவே மறுப்பது எதன் வழி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்த இரத்தச் சோதனைக்கு வருவோம். "இரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது, ஆகவே எலும்பும் சரியாக இருக்கிறது" என்பது படித்தவர்களிடம் வாழும் மூடநம்பிக்கை. இரத்தத்தில் கால்சியம் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். அது குறைந்தால் தசை இழுக்கும், இதயத் துடிப்புத் தடுமாறும். ஆகவே உடல் அந்த அளவைக் குறைய விடாது. உணவிலிருந்து வராவிட்டால், கழுத்தில் தைராய்டுக்குப் பின்னே உள்ள பாராதைராய்டுச் சுரப்பிகள் தம் சுரப்பை அனுப்பும். எலும்பிலிருந்து கால்சியம் இறங்கி வரும். இரத்தத்தின் கணக்கு நேராகிவிடும்.

நம் ஊர்க் குதிரை நினைத்துப் பாருங்கள். விளைச்சல் வராத ஆண்டிலும் அடுப்பில் சோறு பொங்குகிறது. விருந்தினன் பானையைத் திறந்து பார்க்கிறான், சோறு நிறைந்திருக்கிறது. "இந்த வீட்டில் பஞ்சமே இல்லை" என்று வாழ்த்திவிட்டுப் போகிறான். குதிரின் அடி தெரிவது அவனுக்குத் தெரியாது! இரத்தச் சோதனை என்பது பானையைத் திறந்து பார்ப்பது. குதிரைத் திறந்து பார்க்க வேறு சோதனை இருக்கிறது. மிகக் குறைந்த எக்ஸ் கதிரால் இடுப்பிலும் முதுகிலும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா சோதனை அது. இளம்பெண்ணின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிட்டு, −2.5 என்னும் அளவிலோ அதற்குக் கீழோ இறங்கினால் எலும்புப்புரை என்று உலகச் சுகாதார நிறுவனம் 1994இல் வரையறுத்தது. இரத்தச் சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வைட்டமின் டி குறைவு, சிறுநீரகக் கோளாறு, சுரப்பிக் கோளாறு ஆகியவற்றை அறிய அது வேண்டும். எலும்பின் வலிமைக்கு அதைச் சான்றிதழாகக் காட்டாதே என்றுதான் சொல்கிறேன்.

விதிக்காரன் ஒருபுறம் என்றால், விற்பனைக்காரன் மறுபுறம்! "எங்கள் தாது மாத்திரையை விழுங்குங்கள், எலும்பு இரும்பாகும்" என்கிறான். வளையல் விற்கிறான், உப்பு விற்கிறான், மந்திரநீர் போல ஏதோ ஒரு நீர் விற்கிறான். தாயத்துக்குப் பதில் மாத்திரை; பூசாரிக்குப் பதில் விளம்பரம். தாது கூடினால் எலும்பு வலுக்கும் என்ற எளிய கணக்கை நம்பலாமா? ஆய்ந்தவர்கள் என்ன கண்டார்கள்?

புளூரைடு எலும்பின் அடர்த்தியைக் கூட்டும் என்பது தெரிந்த செய்தி. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் எலும்புப்புரை கண்ட பெண்களுக்கு நான்கு ஆண்டுகள் சோடியம் புளூரைடு கொடுத்துப் பார்த்து, 1990இல் முடிவை வெளியிட்டார்கள். முதுகெலும்பின் அடர்த்தி 100க்கு 35 பங்கு கூடியது. ஆகா, வெற்றி என்று கூத்தாடலாமா? முதுகெலும்பு முறிவு நம்பத்தக்க அளவில் குறையவில்லை. முதுகுக்கு வெளியே உள்ள எலும்புகள் முன்னிலும் அதிகமாக முறிந்தன! தாது கூடியது, வலிமை கூடவில்லை. புளூரைடின் கொடுமைக்குச் சான்று தேடி நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. தருமபுரியையும் கிருஷ்ணகிரியையும் கேளுங்கள். நிலத்தடி நீரில் மிகுந்த புளூரைடால் பல்லில் கறையேறி, மூட்டு இறுகி வருந்திய மக்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்தது.

கால்சியம் மாத்திரையின் கதை என்ன? அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையுள்ள 36,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த பேராய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. நாள்தோறும் 1,000 மில்லிகிராம் கால்சியமும் 400 அலகு வைட்டமின் டியும் பெற்றவர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி 100க்கு ஒரு பங்கு அளவே கூடியது. இடுப்பு முறிவு நம்பத்தக்க அளவில் குறையவில்லை. சிறுநீரகக் கல் 100க்கு 17 பங்கு மிகுந்தது.

உடனே ஓர் அவசரக்காரர், "பார்த்தீர்களா, கால்சியமே வேண்டாம்!" என்று குதிப்பார். பொறுங்கள்! அந்தப் பெண்கள் ஆய்வில் சேரும்போதே நாள்தோறும் சராசரியாக 1,100 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் பெற்று வந்தவர்கள். வயிறு நிறைய உண்டவனுக்கு இன்னொரு சோற்றுருண்டையால் பயன் இல்லை என்பது சோறே வீண் என்பதற்குச் சான்றாகுமா? நம் பெண்களின் இலையில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டல்லவா தீர்ப்புச் சொல்ல வேண்டும்?

பார்த்தார்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் வீணா சத்ருக்னாவும் குழுவினரும் வருவாய் குறைந்த குடும்பப் பெண்களை ஆய்ந்து 2005இல் எழுதினார்கள். அப்பெண்களின் உணவில் கிடைத்த கால்சியம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 270 மில்லிகிராம்! மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவு 1,200 மில்லிகிராம். நாலில் ஒரு பங்குகூட இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அப்பகுதிப் பெண்களை ஆய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவோ, மாதவிலக்கு நின்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எலும்புப்புரை என்றது. அதே அளவினர்க்கு வைட்டமின் டி போதவில்லை என்றது.

வெயில் கொளுத்தும் நாட்டில் வெயில் தரும் சத்துக்குப் பஞ்சம்! வைட்டமின் டி போதுமானால் உணவின் கால்சியத்தில் 100க்கு 30 முதல் 40 பங்கு வரை குடல் ஏற்கும். போதாவிட்டால் 10 முதல் 15 பங்குதான். கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயிலால் பயன் இல்லை; அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். விடியற்காலை வெயிலிலும் அது மிகக் குறைவு. அடுக்களையின் புகையில் நின்று, தொழிற்கூடத்தின் கூரையடியில் அமர்ந்து, இருட்டிய பின் வீடு திரும்பும் பெண்ணுக்கு நண்பகல் வெயில் எங்கே கிடைக்கும்?

தோழர்களே, இங்குதான் இது வெறும் மருத்துவப் பேச்சாக இல்லாமல் நம்முடைய பேச்சாகிறது. முதலில் ஆண் உண்ண வேண்டும், பிறகு பிள்ளைகள் உண்ண வேண்டும், எஞ்சியதை அவள் உண்ண வேண்டும் என்று விதித்தது இயற்கையா? கணவன் நலத்துக்காக அவள் பட்டினி, பிள்ளை நலத்துக்காக அவள் பட்டினி, கணவன் இறந்துவிட்டால் ஒருவேளை உணவு என்று ஏட்டில் எழுதி வைத்தது ஈஸ்ட்ரோஜனா? காவலன் விலகுவது இயற்கை. காவலன் விலகும் முன்பே குதிரைக் காலியாக்கி வைத்தது சமுதாயம்! முப்பது வயதுக்குள் நிரம்பியிருக்க வேண்டிய எலும்பு நிரம்பவே இல்லை. வறியவள் இருமுறை தோற்கிறாள்: நிரப்பும் பருவத்தில் ஒருமுறை, இழக்கும் பருவத்தில் ஒருமுறை.

இன்னும் கொடியது ஒன்றுண்டு. மராட்டியத்துப் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போகும் பெண்களில் பலர் இளவயதிலேயே கருப்பை அகற்றப்பட்டவர்கள் என்ற செய்தி 2019இல் நாட்டை உலுக்கியது. மாதவிலக்கு நாளில் வேலை நின்றால் கூலி போகும், தண்டம் விழும் என்ற அச்சம்! கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், ஈஸ்ட்ரோஜன் படிப்படியாக அன்று, ஒரே நாளில் குன்றிவிடும். முப்பது வயதில் அந்த அறுவை. நாற்பது வயதில் அந்த எலும்பு எப்படி இருக்கும்? கூலிக்காரியின் எலும்பையும் சேர்த்தல்லவா ஆலையில் பிழிகிறார்கள்!

"எங்கள் பாட்டி காலத்தில் இந்த நோய் ஏது?" என்பார் பழமை விரும்பி. விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி வாழ்நாள் சுமார் 32 ஆண்டு. இன்று 70ஐ ஒட்டி நிற்கிறது. அன்று முதுமையை எட்டியவர் சிலர். எட்டியவர்களிலும் முதுகு வளைந்தவர் பலர். நோய் இருந்தது, அதற்குப் பெயர்தான் இல்லை. இன்று 50 வயதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவருக்கு வாழ்நாளில் இத்தகைய முறிவு நேரும் என்று உலக அளவில் கணித்திருக்கிறார்கள். இடுப்பு முறிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் மறைகிறார். ஆணுக்கும் இது வரும். பெண்ணுக்கு முந்தி வரும், மிகுதியாக வரும்.

பழி சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ள நாம் கூடவில்லை. செய்யத் தக்கது யாது?

முதலில் தட்டு. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். முருங்கைக் கீரையில் 300க்கு மேல். தோல் நீக்காத எள்ளில் 1,000க்கு மேல். பாலில் சுமார் 120. முள்ளோடு உண்ணும் நெத்திலியும் நல்ல பொருள். கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டினாலோ, கூழாகப் புளிக்க வைத்தாலோ சத்தை மறிக்கும் பொருள் குறையும். நம் உழவர் குடி அறிந்திருந்த கூழ் அது. தீட்டிய வெள்ளரிசியே கண்ணியம் என்ற மயக்கம் அதை விரட்டியது. எல்லாக் கீரையும் ஒன்றன்று. பசலை போன்றவற்றில் கால்சியம் இருந்தும் ஆக்சாலிக் அமிலம் அதை உடலில் சேரவிடாது. பருப்பும் முட்டையும் மீனும் தரும் புரதமும் வேண்டும். நார் இல்லாத பின்னலில் படிகம் எங்கே படியும்?

அடுத்து உழைப்பு. எலும்பு, சுமையைத் தாங்கத் தாங்க வலுக்கும். நடை, படியேற்றம், தசைக்கு வலு தரும் பயிற்சி ஆகியன வேண்டும். "நாள் முழுதும் வேலை செய்கிறாளே" என்று சொல்லித் தப்பாதீர்கள். குனிந்து துணி துவைப்பதும் உட்கார்ந்து அரிவதும் அப்பயிற்சிக்கு ஈடாகா. புகையிலை எந்த வடிவிலும் வேண்டாம். வீட்டில் வழுக்கும் தரையையும் இருண்ட வாயிலையும் சீர் செய்யுங்கள். என் பெரியம்மாவின் கதவடியில் ஒரு சிறு விளக்கு எரிந்திருந்தால்!

மூன்றாவது மருத்துவம். 1995இல் அமெரிக்காவில் இந்நோய்க்கென ஏற்பளிக்கப்பட்ட அலெண்ட்ரோனேட் முதலாக, அரிக்கும் உயிரணுக்களை அடக்கும் மருந்துகள் இருக்கின்றன. முறிவைக் குறைப்பதாக ஆய்வில் மெய்ப்பிக்கப்பட்டவை. ஈஸ்ட்ரோஜனை மருந்தாகத் தரும் முறையும் உண்டு. மற்றொரு சுரப்போடு சேர்த்து அதைத் தந்த ஆய்வில் இடுப்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் மார்பகப் புற்றும் பக்கவாதமும் மிகுந்ததால் 2002இல் அந்த ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள். ஆகவே எதை, யாருக்கு, எத்தனை ஆண்டு என்பதை மருத்துவரோடு அமர்ந்து முடிவு செய்ய வேண்டும். அண்டை வீட்டார் சொன்னார் என்று விழுங்கக் கூடாது.

நான்காவது ஆட்சியின் கடமை. தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் 2023இல் நியாயவிலைக் கடை வழியே கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். நல்ல தொடக்கம், ஏழையின் தட்டு எங்கெல்லாம் வெறுமையோ அங்கெல்லாம் அது போக வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வாசற்படியில் வந்து கேட்டது. அதே வாசற்படியில், "அம்மா, விழுந்தீர்களா? எலும்பு முறிந்ததா? உயரம் குறைந்ததா? மாதவிலக்கு எப்போது நின்றது?" என்ற நான்கு கேள்விகளையும் கேட்க வேண்டும். அடர்த்தி அளக்கும் கருவி மாவட்டந்தோறும் ஏழைக்குக் காசின்றிக் கிடைக்க வேண்டும்.

இளைஞனே! மேடையில் பெண்ணுரிமை பேசுகிறாய்; கேட்க இனிக்கிறது. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உன் தாய் எப்போது உண்கிறாள், என்ன உண்கிறாள் என்று பார். மாதவிலக்கு என்ற சொல்லை அவள் முன் சொல்ல நாணாதே. அந்த நாணம்தான் நோய்க்கு அரண். சுவரோரம் அவளை நிற்க வைத்து உயரத்தைக் குறித்து வை. இளமையில் இருந்ததைவிட நான்கு செண்டிமீட்டர் குறைந்திருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போ. முறிவு ஒருமுறை நேர்ந்திருந்தால் நாளைக்கே அழைத்துப் போ. உன் தங்கைக்கு இன்றே பாலும் கூழும் மீனும் ஓடியாட இடமும் கொடு. அவளுடைய குதிர் இப்போதுதான் நிரம்பிக் கொண்டிருக்கிறது.

நிமிர்ந்து நில் என்று நாம் பெண்ணைப் பார்த்து முழங்குகிறோம். நிமிர்வதற்கு ஒரு முதுகெலும்பு வேண்டும், தோழர்களே! அதை அரித்துத் தின்ன விட்டுவிட்டு நிமிரச் சொல்வது கேலி. முதுகெலும்பு வளைவது எழுத்தால் அன்று, காரணத்தால். காரணத்தை அறிந்தோம். அறிந்த பின்னும் வாளாவிருந்தால் இனி முறியும் ஒவ்வோர் எலும்புக்கும் விதியைக் கைகாட்ட நமக்கு உரிமை இல்லை.